இரண்டு முறை துடைத்த தூசி

பிப்ரவரி 11

அன்புள்ள உம்முவுக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. உம்மணாமூஞ்சி என்று முழுதாக எழுதினால் கிழித்துவிடுவாய் என்பதால் சுருக்கியே எழுதுகிறேன். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மின்னஞ்சல் என்றால் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிடுவாய். தாள் என்றால் குப்பையில் போடுமுன் ஒரு தடவையாவது கண்ணை ஓட்டுவாய் என்ற நம்பிக்கைதான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி மாணவிகளாக ஒரே அறையில் உட்கார்ந்து நாம் அளந்தோமே, அந்த இருநூற்றுப் பதினான்கு தூரத்து கேலக்ஸிகள், அவைதான் என்னை இப்போது உலுக்குகின்றன. அவை ஒவ்வொன்றிலும் வருஷத்துக்குச் சராசரியாக நூற்றிருபது சூரியன் அளவுக்கு நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று எழுதித்தான் நான் பேர் வாங்கினேன். போன மாதம் புதுத் தொலைநோக்கியில் அதே கேலக்ஸிகளை மறுபடி அளந்தேன். இது தூசியின் வெப்பத்தையே நேராக அளக்கிற கருவி. நாற்பதுதான் வருகிறது. கருவியைச் சந்தேகப்பட்டேன், கணிப்பொறியைச் சந்தேகப்பட்டேன், கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. நாற்பது என்பது உன்னுடைய எண்.

பதினொரு வருஷம் முன்பு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பேராசிரியர் முன்னால், "உம்மு தூசியை மறந்துட்டா சார்" என்று சொன்னது நான்தான். கேலக்ஸிக்குள் இருக்கும் தூசி மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது, அதனால் மூன்றால் பெருக்க வேண்டும், நீ பெருக்கவில்லை என்று படம் போட்டு விளக்கினேன். நீ நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாய். அடுத்த மாதம் ஆராய்ச்சியையே விட்டுவிட்டாய்.

நீ எனக்குக் கொடுத்த அட்டவணையில் கடைசி வரிசை எண்களுக்குத் தலைப்பு இல்லை. அவற்றில் தூசிக்கான திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்ததா? இருந்தால், நான் இரண்டாவது தடவை பெருக்கியிருக்கிறேன். மூலப் படங்கள் இருந்த வட்டு எப்போதோ பழுதாகிவிட்டது. இது தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். பக்கத்து மேசையில் இருந்தவளிடம் அன்றே கேட்டிருக்கலாம். கேட்காமல் நானாக ஊகித்துக்கொண்டேன்.

பழைய எண்ணை நம்பி முந்நூறு மணி நேரத் தொலைநோக்கி நேரம் கேட்கிறோம். பதினான்கு பேர் உழைத்த விண்ணப்பம், ஏப்ரல் இரண்டாம் தேதி கடைசி. ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுது. பயமாக இருக்கிறது.

உன்,
அவசரக்குடுக்கை


பிப்ரவரி 26

மதிப்புக்குரிய விஞ்ஞானி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குப்பையில் போடவில்லை.

நான் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். மூன்றாவது டப்பா முதல் இரண்டு டப்பா மாதிரி இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவதும் என் வேலைதான். வெளிச்சத்தைப் பிரித்து அளக்கிற கருவி இங்கேயும் உண்டு. கேலக்ஸி வாய் திறக்காது, சுவரின் சொந்தக்காரர் நேரில் வந்து கத்துவார். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

போன வருஷம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உன்னை டிவியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "இவங்கதானே உன்கூட படிச்சவங்க?" என்று கேட்டார். பல் வலியைச் சாக்காக வைத்து நான் வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு உனக்கு அழைப்பு அனுப்பினேன். வாழ்த்து அட்டை வந்தது, உன் உதவியாளரின் கையெழுத்தில்.

அட்டவணை பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்கு எதுவும் நினைவில்லை. விட்டுவிடு.

நலம் விரும்பும்,
உன் பழைய அறைத்தோழி


மார்ச் 9

அன்புள்ள உம்முவுக்கு,

அந்த வாழ்த்து அட்டைக்கு என்ன சாக்குச் சொன்னாலும் எடுபடாது. சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

உனக்கு நினைவில்லாததைத் தோண்டித் துருவ நான் யார்? ஆனால் விடவும் முடியவில்லை. மூன்று நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நாலாம் நாள் பதினான்கு பேரையும் கூட்ட அறைக்கு வரச் சொல்லி, நூற்றிருபது தப்பு என்று பலகையில் எழுதினேன். ஏன் தப்பு என்று கேட்டார்கள். பெரும்பாலும் ஒரே திருத்தத்தை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன், நிரூபிக்க ஆதாரம் இல்லை என்றேன். மூன்று வருஷமாக அந்த எண்ணை வைத்து வேலை செய்த மாணவிகள் இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி அங்கேயே அழுதுவிட்டாள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பிவிட்டேன். காரணம் என்ற இடத்தில், "என் கவனக்குறைவு" என்று போட்டேன்.

நம் பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. போனில் பிடித்துக்கொண்டார். "இப்ப யாரு கேட்டா? நீயா போயி ஏன் தலையைக் குடுக்கறே?" என்றார். நான்தான் சார் கேட்டேன் என்று சொன்னேன். வைத்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். நூற்றிருபது என்றால், பல நூறு கோடி வருஷம் முன்பு அந்த வெளிச்சம் கிளம்பியபோது பிறந்த நட்சத்திரங்களில் பெரும்பகுதி இன்றைக்குக் கிழடாகி எங்காவது இருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் அவ்வளவு இல்லை. எங்கே போயின என்று பத்து வருஷமாக எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், புதுப் புதுக் கொள்கையெல்லாம் கண்டுபிடித்தார்கள். நாற்பது என்று வைத்துப் பார்த்தால் கணக்கு நேராக வந்து உட்காருகிறது. அவை காணாமல் போகவே இல்லையடி, பிறக்கவே இல்லை. இதைப் போட்டுப் பார்த்த அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். உன் எண் சரி. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன்னை முட்டாளாக்கினேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதில் போட வேண்டும் என்று இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
குடுக்கை


மார்ச் 19

அடி குடுக்கை,

பொறுமை என்பதே கிடையாதா உனக்கு? பத்து நாள் காத்திருக்கக் கூடாதா?

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நான் உனக்கு எழுதியது பொய்.

அந்த அட்டவணையைச் செய்த வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். கூட்டத்தில் நீ அப்படிச் சொன்னபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறந்துதான் போனேன் போலிருக்கிறது, இந்த அடிப்படைகூட வராதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கூனிக் குறுகிப் போனேன். ஏழு வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷம் முன்பு இங்கே ஒரு டிரம் முழுக்க நிறம் கெட்டுப்போயிற்று. விசாரித்தால், காலை ஷிப்ட் மேற்பார்வையாளர் சாயம் கூட்டியிருக்கிறார், மதியம் வந்தவரும் கூட்டியிருக்கிறார். "நானும் ஊத்தினேன், அவரும் ஊத்தினாரு. யாரும் எழுதி வெக்கலைங்க" என்று மதியத்துக்காரர் தலையைச் சொறிந்தார். எனக்கு நம் அட்டவணை நினைவுக்கு வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஜூன் பதினேழாம் தேதிப் பக்கம், என் கையெழுத்து: தூசித் திருத்தம் 214க்கும் முடிந்தது. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்றாவது ஒரு நாள் நீ எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டு முழிப்பாய் என்று காத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்குச் சுகமாகவே இருந்தது. பிறகு உனக்கு விருது வந்தது, மாணவிகள் வந்தார்கள், சுகம் போய்விட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை. உன் கடிதத்தைப் பார்த்த பிறகும் நினைவில்லை என்று எழுதினேன் பார், அதுதான் எனக்கே தாங்கவில்லை. நீயோ பழியெல்லாம் உன் தலையிலேயே போட்டுக்கொண்டாய். தலைப்புப் போடாதது நான்.

அழுத அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. இதற்கு மேல் நீ எனக்கு எழுதாமல் விட்டாலும் நியாயம்தான்.

உம்மு


மார்ச் 25

அன்புள்ள உம்முவுக்கு,

நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும் ஒரு பகல் முழுக்கக் கோபத்தில் கொதித்தேன். நாலு வருஷம்! முதல் வருஷமே சொல்லியிருந்தால் அந்த இருவரும் வேறு வேலை செய்திருப்பார்கள். இதைச் சொல்லாமல் மழுப்பினால் மறுபடியும் நமக்குள் ஒரு பொய் வந்துவிடும், அதனால் சொல்லிவிட்டேன். அழுத பெண்ணிடம் பக்கத்தைக் காட்டினேன். அவள் நாலு தரம் படித்துவிட்டு, "அப்ப என் கணக்கு தப்பில்லையா மேடம்? நான் முட்டாள் இல்லையா?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். அதைச் சொல்லும்போது உன் முகம்தான் எதிரில் நின்றது. மூன்றால் வகுத்தால் அவள் வேலையில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். நேற்று உட்கார்ந்து வகுத்தோம்.

திருத்தக் குறிப்பை மாற்றி எழுதுகிறேன். ஆதாரம் உன் நோட்டு. அதனால் முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது என்னுடையது. வேண்டாம் என்று சொல்லிப் பார், அப்புறம் இருக்கிறது உனக்கு.

கோபம் தணிந்த பிறகு என்ன மிஞ்சியது தெரியுமா? நிம்மதி. உனக்கு நினைவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரிதான் என்னைக் கொன்றது. என் எண் தப்பு என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நாம் இருந்த அந்த அறையையே நீ துடைத்துப் போட்டுவிட்டாய் என்பதைத் தாங்க முடியவில்லை. இப்போது தெரிகிறது, பதினொரு வருஷமும் நீ என்னை ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லை. வெறுத்தாயோ கரித்தாயோ, என்னை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நானும் அப்படித்தான்.

சனிக்கிழமை காலை ரயிலில் வரட்டுமா? கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தபாலிலும் அனுப்பலாம். அனுப்ப மனசில்லை.

உன்,
குடுக்கை


மார்ச் 30

அடி குடுக்கை,

வா. உன்னைத் திட்ட வேண்டியது நிறையப் பாக்கி இருக்கிறது, இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

உம்மு