டாங்கிக்குப் பின்னால் ஒரு ஹோஸ்

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை. குடை கடையிலேயே கிடக்கிறது.

ரவி மச்சானின் படகு வந்துவிட்டது. தங்கை பத்மாவின் கணவர். வேனில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக் கண்டியைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். இனி திகன பக்கம் நீர்த்தேக்கத்தையும் காட்டப் போகிறாராம். நீர்கொழும்பில் யாரோ வைத்திருந்த பழைய பைபர் படகு, உள்ளே பெற்றோல் இஞ்சின். இப்போது குண்டசாலையில் அவர் வீட்டு முற்றத்தில், டிரெயிலரில், தார்ப்பாயின் கீழ்.

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு மச்சான். ஹோஸ் மட்டும் எல்லாம் பழசு. நீங்கதான் மாத்தித் தரணும். ஸ்பெயார்ஸ்ல உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் வாகன ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டியில் உள்ள இலக்கத்தைப் படிப்பது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பார்ப்போம்" என்றேன். பத்மா தேத்தண்ணியோடு வந்தாள். அண்ணன் செய்து தருகிறான் என்று முகம் முழுக்கப் பெருமை. அதற்குப் பிறகு எங்கே மறுப்பது.

புதுவருஷம் கழிந்து தொழில் தொடங்கும் நல்ல நேரம், பஞ்சாங்கப்படி 17ஆம் திகதி காலை. அன்றைக்கு முதல் ஓட்டம். பத்மா, பிள்ளைகள் இரண்டு பேர், மச்சானின் அம்மா, எல்லாரும் ஏறுவார்கள். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

ஏப்ரல் 9, செவ்வாய்

புழுக்கம். வேலைக்குப் போகும் முன் குண்டசாலை போய் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

– படகின் அடியிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஹோஸ்: நசுக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே வேறு. இது போனால் படகே தண்ணீருக்குள்.
– இஞ்சினைச் சுற்றும் தண்ணீர் ஹோஸ்: ஊதிப்போய், கிளிப் ஓரம் வெடிப்பு.
– புகை வெளியே போகும் பெரிய ஹோஸ்: உள்பக்கம் உரிந்து தொங்குகிறது.
– டாங்கியிலிருந்து இஞ்சினுக்குப் பெற்றோல் ஹோஸ்: பார்வைக்கு நல்லது. அதுதான் சந்தேகம்.
– மேல்தட்டு மூடியிலிருந்து டாங்கிக்குப் பெற்றோல் இறங்கும் ஹோஸ்: தெரியவில்லை. டாங்கிக்குப் பின்னால். கை போகவில்லை.

மத்தியானம் முதலாளி நவாஸ் நானாவிடம் மெல்ல விசாரித்தேன். யாரோ வாடிக்கையாளர் கேட்டது போல.

"துணியால ஹோஸத் தொடச்சிட்டு மூக்குக்கிட்ட வெச்சிப் பாக்கச் செல்லுங்க. துணி மணத்தா ஹோஸ் செத்துட்டு. வெளிய பாத்து நம்பப்படாது. பெற்றோலுக்குத் தண்ணி ஹோஸப் போட்டாலும் களியாகிரும். ஆருக்கு சேகர் இது?"

மச்சானுக்கு என்றேன்.

"ஆரு பூட்டுற?"

நான்தான் என்றேன். "அல்லாஹ் காவல்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

அரை நாள் லீவு. பழைய ஹோஸ் கழன்று வராமல் அடம். கடைசியில் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தேன். புதியது ஏறவில்லை. சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, நுனியை முக்கி எடுத்துத் திருகினால் ஏறுகிறது. அடியில் இருக்கிற ஹோஸுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப். மூன்றாவதும் போடப் பார்த்தேன், இடமில்லை.

வலது கை முட்டித் தோல் போச்சு. ஆனால் இஞ்சினைச் சுற்றும் ஹோஸ்கள் முடிந்தன, புகைக்குழாயும் முடிந்தது. நான்தானா இதைச் செய்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பெண்கள், புதுவருஷச் சாமான் பையோடு: "எண்ணெய் அந்த வெல விக்கிது. இந்த வருஷம் பலகாரம் சுட்டாப்பலதான், அடுப்பதான் சுடணும்."

வீட்டில் இரண்டு தரம் எழுந்து போய்க் கை கழுவினேன். கிளிப் எல்லாம் முறுக்கினேனா? முறுக்கினேன். ஒன்று விட்டிருந்தால்?

ஏப்ரல் 11, வியாழன்

கிளிப் எல்லாம் திரும்பவும் பார்த்தேன். எல்லாம் இறுக்கம்.

பெற்றோல் ஹோஸைத் துணியால் துடைத்து மோந்தேன். அடேயப்பா. பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்ததுதான் மோசம். கழற்றி எறிந்துவிட்டுப் பெற்றோலுக்கென்றே வரும் ஹோஸைப் போட்டேன்.

மிச்சம் அந்த ஒன்று. டாங்கிக்குப் பின்னால் இருப்பது. கண்ணாடியைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால் ஒரு சாண் கறுப்பு தெரிகிறது, அவ்வளவுதான். டாங்கியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க, தரைப் பலகையை அறுக்க வேண்டும். பட்டறைகள் எல்லாம் நாளையோடு பூட்டு, புதுவருஷம் முடியும் வரைக்கும்.

மச்சானிடம் சொன்னேன்.

"அது பெற்றோல் ஊத்துற நேரம் மட்டும் போற வழிதானே மச்சான். அப்புறம் காஞ்சி போய்க் கெடக்கும். அதுல என்ன இருக்கு ஒழுக? பொறவு பாத்துக்கலாம்."

நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன். சொன்னதும் நெஞ்சில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் இப்போது பிடிக்கவில்லை.

குச்சி நுனியில் துணி கட்டி உள்ளே விட்டுத் துழாவி எடுத்து மோந்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. பழந்துணி மணம்கூட இல்லை. இரண்டு நாளாகப் பெற்றோலிலேயே கிடந்ததில் மூக்கு மரத்துவிட்டது. வீட்டுக்கு எடுத்து வந்து மனைவி மலரிடம் நீட்டினேன். "ஒங்க கையே பெற்றோல் ஷெட் மாதிரி மணக்குது. இதுல துணியத் தனியா எங்க மோந்து பாக்கிறது?" என்று தள்ளிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருஷம். தலைக்கு மருத்து நீர், புதுச் சட்டை, கோயில். மழை இல்லை.

மத்தியானம் பத்மா வீட்டில். பால் பொங்கி வழிந்ததும் பிள்ளைகள் குதித்த குதி. மச்சானின் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எல்லாருக்கும் கைவிசேஷம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "ஒங்க கையாலதானே படகு எழும்பிருக்கு" என்றார். வெற்றிலையில் வைத்த காசை அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன்.

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மச்சான், அந்த ஹோஸ், என்று தொடங்கியதுதான். மேசைக்கு அடியில் மலர் காலை மிதித்தாள். பிறகு குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்: "நல்ல நாள்ல வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. ஒழுகும் ஒழுகும்னுட்டு."

கொக்கிஸ் பலகாரம் நன்றாக இருந்தது. நான்கு தின்றேன், ருசி தெரியாமல்.

ஏப்ரல் 15, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை. கடை பூட்டு. பேப்பர் இல்லை. மலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தேசிக்காயை எடுத்துத் தலையைச் சுற்றிப் போட்டாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று படகைத் தண்ணீரில் இறக்கினோம். மச்சானின் சிநேகிதர்கள் நாலு பேர் கயிறு பிடித்தார்கள். இறங்கியதும் நான் உள்ளே குப்புறப் படுத்து அடி ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு இல்லை. கையால் தடவினேன், காய்ந்திருந்தது. அழுகை வரும் போலிருந்தது.

கானில் இருந்த கொஞ்சப் பெற்றோலை ஊற்றி இஞ்சினை ஓட்டினோம். பின்னால் தண்ணீர் அழகாகக் கொட்டியது. சூடு ஏறவில்லை. ஒரு கிளிப்பும் கசியவில்லை. மச்சான் என் முதுகில் போட்ட அடி இன்னும் வலிக்கிறது.

பிறகு நாளைக்கென்று பெற்றோல் ஊற்றினோம். நான்தான் ஊற்றினேன். டாங்கி முக்கால் வந்ததும் போதும் என்று கானை நிமிர்த்தினேன். அத்தை விடவில்லை.

"நல்ல காரியத்துக்குக் கொறையா வைக்கலாமா? நெறைய ஊத்துங்க தம்பி. வழியட்டும்."

மச்சானும், "ஊத்துங்க, ஊத்துங்க" என்றார். மூடி விளிம்பு வரை வந்து, மேல்தட்டில் கொஞ்சம் வழிந்து ஓடும் வரைக்கும் ஊற்றினேன். யாரோ "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

எழுதி வைக்கிறேன், நடந்ததை நடந்தபடி.

நல்ல நேரத்துக்கு முன்பே எல்லாரும் கரைக்கு வந்துவிட்டோம். காற்றே இல்லை, தண்ணீர் அசையவில்லை. பத்மா பட்டுச்சேலை. படகில் பிள்ளைகளை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேங்காய் உடைத்தாயிற்று. சக்கரத்துக்குப் பதிலாக எதன் கீழே தேசிக்காய் வைப்பது என்று மச்சான் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அத்தை தட்டில் சூடம் ஏற்றினார். வேன் வாங்கிக் கோயிலில் பூசை போட்டபோது அதன் இஞ்சினுக்கு எப்படிக் காட்டினாரோ, அப்படியே படகின் இஞ்சினுக்கும் காட்ட வேண்டும். மச்சான் இஞ்சின் மூடியைத் தூக்கி விட்டார். அத்தை தட்டோடு ஒரு காலைப் படகில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளிம்பு வரை ஊற்றினோமே. அந்த ஹோஸ் இப்போது காய்ந்து கிடக்கவில்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து அதற்குள் பெற்றோல் நிற்கிறது.

"அத்தை, வேணாம்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார், தட்டும் கூடவே திரும்பியது. பாய்ந்து போய்த் தட்டினேன். தட்டு, சூடம், பூ எல்லாம் தண்ணீரில். புஸ் என்று ஒரு சத்தம்.

"ஒனக்கு என்னடா பைத்தியமா?" என்றார் மச்சான். கலியாணத்துக்குப் பிறகு என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. அத்தை அழ ஆரம்பித்துவிட்டார், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்தவன் நான் என்று.

"எல்லாரையும் எறக்குங்க. பொறவு என்னய அடிங்க" என்றேன். பத்மா உடனே பிள்ளைகளைக் கரைக்குத் தூக்கி விட்டாள்.

நான் உள்ளே குனிந்தேன். இஞ்சினுக்குக் கீழே தேங்கிய தண்ணீரின் மேல் பல நிறத்தில் ஒரு படலம். கை கிழிந்தாலும் பரவாயில்லை என்று டாங்கிக்குப் பின்னால் அழுத்தி நுழைத்தேன். விரல் நுனி ஈரம். மச்சானிடம் காட்டினேன். என் விரலைத் தன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

மூடியைத் திறந்தே விட்டு, பற்றரியைக் கழற்றி, ஒருவரையும் கிட்ட விடாமல் மத்தியானம் வரை காவல் இருந்தேன். அத்தை என்னோடு பேசாமலே வீட்டுக்குப் போனார்.

பின்னேரம் பத்மா போன் எடுத்தாள். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது.

"அண்ணே, காலையில ஏறுறப்பவே எனக்குப் பெற்றோல் வாட வந்திச்சி. நல்ல நேரத்துல அபசகுனமா பேசக் கூடாதேன்னு சும்மா இருந்துட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அத்தைக்கும் வந்திச்சாம். இப்பதான் சொல்றாங்க. அவருக்கும்தானாம்."

ஆக, மூக்கு மரத்துப்போன என்னைத் தவிர எல்லாருக்கும் மணந்திருக்கிறது.

போனை வைத்த பிறகு, சூடம் ஏற்றுவதற்குக் கொஞ்சம் முன்பு நான் எடுத்த படத்தைப் பார்த்தேன். அத்தை, மச்சான், பிள்ளைகளுக்கு நடுவில் பத்மா. எல்லாரும் நன்றாகச் சிரிக்கிறார்கள்.