சாத்த முடியாத கதவு

ஜார்ஜ்டவுன்

அன்புள்ள மச்சானுக்கு சலாம்.

நாங்கள் சுகம். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

பக்கத்தில் கடலோர ஹோட்டலுக்கு பைலிங் போடுகிறார்கள், அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள். மெஷின் இடிக்கும்போது பீங்கான் நடுங்கும், அவ்வளவுதான். சுவர் வெடிப்பை மறைத்துக் காலண்டர் மாட்டினேன். இப்போது வெடிப்பு காலண்டரையும் தாண்டிவிட்டது.

"மா, கதவ சாத்த முடியல லா," என்றாள் நம் மகள் இஸ்ஸதி. மழையில் மரம் ஊதியிருக்கும் என்றேன். மழையே இல்லை.

பிள்ளைகளை வாசலோரம் படுக்க வைக்கிறேன், காற்றுக்காக.

"ஒன்னும் ஆகாதுக்கா," என்றார் அந்த ஹோட்டல் வேலையின் சூப்பர்வைசர். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

ஜொகூரில் நீங்களும் அதே மெஷினைத்தானே ஓட்டுகிறீர்கள்? பக்கத்தில் வீடு இருந்தால், கதவைச் சாத்த முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால், அந்த வீட்டுக்காரியிடம் என்ன சொல்வீர்களோ, அதையே எனக்கும் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் தாய்