ஏற்காடு ஏற வேண்டிய என்ஜின்

புதுச்சத்திரம்,
4-10-1987

என் மதிப்பிற்குரிய கணவர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி சௌந்திரம் எழுதுவது. நான், உங்கள் அப்பா, அம்மா, கோழிகள் எல்லோரும் சௌக்கியம். இந்தூரில் நீங்களும் உங்கள் போர்வெல் ரிக்கும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வண்டியின் சௌக்கியத்தை வரிசையாகத்தான் எழுதுவேன். நடுவில் தாவிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய நாலு பக்கத் திட்டம் வந்து சேர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நாலு பக்கம் எழுதியதில்லை. முட்டை வேனுக்கு எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருங்கள். பிஸ்டன், ரிங், லைனர் புதிதாம், கிராங்க்கைக் கடைசல் பிடித்தால் போதுமாம், ஹெட் பழசே இருக்கட்டுமாம். கடைசியில் போனால் போகிறதென்று ஒரு வரி: முழு லோடு முட்டையோடு வேன் ஏற்காடு ஏறினால் ரிக்கை விட்டுத் தீபாவளிக்கு வந்துவிடுவேன், ஏறாவிட்டால் முதலாளியோடு ராஜஸ்தானுக்கு இன்னும் இரண்டு வருஷம். நான் படித்தது அந்த ஒரு வரியைத்தான். மற்றதையெல்லாம் மெக்கானிக் அர்த்தநாரி அண்ணன் படித்துக்கொண்டார்.

நீங்கள் லாரியில் கொடுத்தனுப்பிய டர்போவும் வந்தது. உங்கள் பழைய லுங்கியில் சுற்றி வந்ததால் அத்தை ஆசையாகப் பிரித்தார்கள். உள்ளே நத்தை மாதிரி ஓர் இரும்பு. இது காற்றைப் பிடித்து என்ஜினுக்குள் திணிக்கும், அதனால் இழுவை கூடும் என்று அர்த்தநாரி அண்ணன் விளக்கினார். 'நம்மூர்க் காத்துக்கு எவனும் காசு கேக்காம இருந்தாச் சரி' என்று சொல்லிவிட்டு அத்தை லுங்கியை மட்டும் எடுத்துத் துவைக்கப் போட்டார்கள்.

என்ஜினை இறக்கிய நாளிலிருந்து முட்டையெல்லாம் டவுன் பஸ்ஸில் போனது. கண்டக்டர் ஒவ்வொரு அட்டைக்கும் டிக்கெட் போடுவேன் என்றார். முட்டைக்கு அரை டிக்கெட்தான், இன்னும் குஞ்சு பொரிக்கவே இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். பஸ்ஸே சிரித்தது. உங்கள் அப்பாவுக்கு மட்டும் மானம் போய்விட்டது.

சாமான் வாங்க நானே சேலம் போனேன். ரேடியேட்டர் பழசாகப் பார்த்து எடுத்தேன். பிஸ்டனையும் பழசில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, 'ஏனுங்கம்மிணி, கத்திரிக்காயா இது? சொத்தையை வெட்டிப் போட்டுட்டுக் கொழம்பு வைக்க முடியாதுங்க' என்று அர்த்தநாரி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் பிஸ்டன், ரிங், லைனர் மட்டும் புதிதாக வாங்கினோம். மற்றபடி நீங்கள் போட்ட கணக்குக்கு மேல் ஒரு காசு போகவில்லை.

என்ஜினை ஏற்றி முடித்ததும் பூசை விவகாரம் வந்தது. உங்கள் அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே கருப்புச் சட்டை, அதே பேச்சு. எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தால் பிஸ்டன் ஓடுமா, கற்பூரம் காட்டினால் டீசல் மிச்சமாகுமா என்று பட்டறையில் நின்று ஒரு மணி நேரம் முழங்கினார். தேங்காயோடு வந்த அத்தை அழுதுகொண்டே திரும்பிப் போனார்கள். அன்று சாயந்திரம் அந்தத் தேங்காயில் சட்னி அரைத்தோம்.

மறுநாள் வண்டியைக் கிளப்பினார்கள். ஐயோ, அந்தப் புகையை என்னவென்று சொல்வேன்! எருமை மாட்டுக் கூட்டம் வந்தது போல் கருகருவென்று வந்தது. வெறும் வண்டி பாலத்து மேட்டைக்கூட ஏறவில்லை. அர்த்தநாரி அண்ணன் பம்ப்பைக் கழற்றினார், நாசிலைக் கழற்றினார், டைமிங் மாற்றினார். நாலு நாள் ஆயிற்று. கடைசியில் வெறுத்துப்போய், 'டர்போ ராசியில்லீங்க, கழட்டிப் போட்டுட்டுச் சும்மா ஓட்டுங்க' என்றார். டர்போ இல்லாமல் ஏற்காடு எங்கே ஏறுவது? தீபாவளிக்கு நீங்கள் எங்கே வருவது?

அதைவிட ஆச்சரியம் உங்கள் அப்பா. ஒருவரையும் திட்டவில்லை. சோறு இறங்கவில்லை. பட்டறை மூலையில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். 'அவனுக்கு எழுதிப் போட்டுடு சாமி, வர வேண்டாம்னு' என்று என்னிடம் சொன்னார். நான் இன்லண்ட் லெட்டர் வாங்கித் தேதி போட்டேன். அதற்கு மேல் எழுதாமல் மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் டர்போவைக் கழற்றத்தான் போனார்கள். காற்று உள்ளே போகிற தடித்த ரப்பர் குழாயை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒன்று உருண்டு விழுந்தது. எலுமிச்சம்பழம்! குங்குமம் தடவிய, பாதி நசுங்கிய எலுமிச்சம்பழம். ஒரு பக்கத் தோலை டர்போவின் விசிறி சீவி வைத்திருந்தது. டர்போவின் வாயை அது அடைத்துக்கொண்டதால் என்ஜினுக்கு மூச்சு விட வழியில்லை. பட்டறையே ஊறுகாய் வாசம்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை ஏரிக்கரை முனியப்பன் மேல் ஆணையாகத் தான் இல்லை என்றார்கள். அர்த்தநாரி அண்ணன் தன் ஆட்களை முறைத்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்புச் சட்டைப் பையின் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

உடனே நான், 'நான்தானுங்க வெச்சேன்' என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு உங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? என்னைப் பிடித்துக்கொண்டார்! பத்தாவது படித்த பெண்ணுக்கு இப்படியா மூடத்தனம், இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தார்கள் என்று எல்லோர் முன்னாலும் ஒரு சொற்பொழிவே நடத்தினார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து அர்த்தநாரி அண்ணன் சோடா வாங்கிக் கொடுத்தார்.

சாயந்திரம் மாமா ராசிபுரம் போய் ஒரு மிக்சர் பொட்டலம் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். 'அவன் ரெண்டு வருசம் புழுதி தின்னு அனுப்புன காசு சாமி, அத்தனையும் அந்த என்ஜினுக்குள்ள கெடக்குது. பேச்சு பேசிப்போட்டேன், மனசு கேக்குல. டயருக்கு அடியில வெச்சா எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருமல்லோ, அதான் குழாய்க்குள்ள வெச்சேன்' என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. நீங்கள் வந்த பிறகு இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டால் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்.

பழத்தை எடுத்ததும் புகை போயிற்று. விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. புது என்ஜினை உடனே விரட்டக் கூடாதென்று ஒரு வாரம் பாதி லோடில் நாமக்கல்லுக்கும் சேலத்துக்குமாக ஓட்டினோம். நேற்று முழு லோடு ஏற்றி ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அர்த்தநாரி அண்ணன் ஓட்ட, நடுவில் மாமா, ஓரத்தில் நான். முன்பெல்லாம் நாலாவது வளைவில் மூச்சு வாங்கி நிற்கிற வண்டி, விசில் அடித்துக்கொண்டு ஏறியது. ஒரு கரி லாரியை முந்தியதும் மாமா குதூகலத்தில் கையை வீசியதில் ஓர் அட்டை முட்டை காலி. நஷ்டம் அவ்வளவுதான். மேலே ஓட்டல்காரர் தினமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

ஆகவே நீங்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். பம்ப், கியர், கிளட்ச் என்று புதிதாக ஒன்றும் கேட்டு எழுதாதீர்கள். முதலாளியிடம் கணக்கை முடித்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஏறாமல் போயிருந்தாலும் ஏறியது என்றுதான் எழுதியிருப்பேன். ராஜஸ்தானுக்கு உங்களை விட்டிருக்க மாட்டேன். நல்லவேளையாக நிஜமாகவே ஏறிவிட்டது. நம்பிக்கை வரவில்லையென்றால் நேரில் வந்து ஓட்டிப் பாருங்கள்.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
சௌந்திரம்