கறுப்புக் கோட்டு மடிப்பு

தம்பி,

உன் கலியாணத்துக்கு, ஸ்கொட்லாந்து மாப்பிள்ளைமார் கட்டும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையைத் தைத்து முடித்துவிட்டேன். "டார்டன் கட்டத் துணியையும் மடிப்பையும் நீயே பார்த்து எடு அக்கா, நீதானே தையல்காரி" என்றாய். எடுத்தேன். நீ காட்டிய படங்களில் நீலக் கட்டத்துக்குள் அகலமான கறுப்புக் கோடு ஓடும் துணி.

கில்ட்டுக்கு மடிப்பெல்லாம் பின்பக்கம்தான். கட்டம் குலையாமலும் மடிக்கலாம், ஒரே கோடு எல்லா மடிப்பிலும் மேலே வரும்படியும் மடிக்கலாம். நான் கறுப்புக் கோட்டை மேலே எடுத்தேன். நீலம் உள்ளே போய்விட்டது. கண்ணாடி முன் நின்றால் உனக்கு நீலக் கட்டம் தெரியும். சேர்ச்சில் பீடத்தின் முன் நீ முழங்காலில் நிற்கும்போது பின்னாலிருக்கும் சனத்துக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும்.

அம்மாவின் ஆண்டுப் பூசை இன்னும் வரவில்லை. நானும் கறுப்பு உடுப்பை மாற்றவில்லை. இடுப்பளவைத் திரும்பத் திரும்ப அனுப்பினாய். அம்மாவை எங்கே அடக்கினோம் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அடக்கத்துக்கு வரச் சொன்னபோது, "லீவு கிடைக்கல்ல அக்கா" என்றாய். கலியாணத்துக்கு ஒரு மாதம் லீவாம். அம்மா போனதைப் பெண் வீட்டாருக்கு நீ சொல்லவேயில்லையாம்.

கலியாணத்துக்கு முதல்நாள் உன் கையில் கிடைக்கும்படிதான் பார்சலைப் போடுகிறேன். வேறொன்று தைக்க நேரமிருக்காது.

பின்பக்கம் ஏன் கறுப்பு என்று அவர்கள் கேட்பார்கள். தடுமாறாதே. "அம்மாவுக்குத் துக்கம் காக்க இப்பதான் லீவு கிடைச்சது" என்று சொல்.

செங்கலடியிலிருந்து,
உன் அக்கா