எந்தச் செவி?

இன்று காலை நம் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் வாயில் முதலில் வந்தது உன் கேள்விதான்: "எந்தச் செவி மக்கா?"

கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆட்டோக்காரன் மெடிக்கல் கோடிங் பேசுகிறான்.

பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியவள் நீ. சுசீந்திரத்தில் நம் வீட்டு அறையில் உட்கார்ந்து அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வேலை பார்த்தாய். டாக்டர் எழுதியதை வாசித்து, நோய்க்கு நோய் இன்சூரன்ஸ்காரனுக்குப் புரிகிற நம்பர் போட வேண்டும். காதுவலி என்று மட்டும் இருந்தால் உனக்குப் பொறுக்காது. வலதா, இடதா, இரண்டுமா? டாக்டரிடமே திருப்பிக் கேட்பாய். முகம் தெரியாத பிள்ளைகளின் காதுமேல் அவ்வளவு அக்கறை.

"வயல்ல தாரா வாத்து கொத்தினா அதுக்கும் நம்பர் உண்டாட்டி, டாக்டரம்மா?"

"உண்டு. பெண்டாட்டிய கேலி பண்ணுகதுக்குத்தான் இன்னும் நம்பர் வரல."

அப்படிச் சொன்னவள்தான் அந்த வாரமே நெஞ்சைத் தடவிக்கொண்டு டைப் அடித்தாய். வாசலில் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டு வந்து கூப்பிட்டேன்.

"எங்க வலிக்கு? வலமா, இடமா?"

"தெரியல. சும்மா ஒரு வலி. மாசக் கடைசியில்லா, லீவு கேட்டா தரமாட்டேன்னுட்டான். முடிச்சிட்டு வாறேன்."

நீ எழுந்திருக்கவில்லை. வண்டியை அணைத்தேன். மறுநாள் தூக்கித்தான் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீ இல்லை.

பதினாறு கழியும் முன்பே கம்பெனியிலிருந்து ஒருவன் வந்தான். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். உன் கம்ப்யூட்டரைக் கேட்டான். சார்ஜர் வயரையும் மறக்காமல் சுருட்டிக்கொண்டு போனான்.

அவன்மேல் கோபம் உண்டு. உன்மேல் அதைவிட உண்டு. ஊரான் பிள்ளையின் காதுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தெரியாமல் விடமாட்டாய். உன் நெஞ்சுக்கு மட்டும் "தெரியல" போதுமாக்கும்.

இன்று மகளும் அதையேதான் சொன்னாள். "தெரியலப்பா. இன்னைக்குப் பரீட்சை. எழுதிட்டு வந்து போவோம்."

உன் குரல் அப்படியே. பள்ளிக்கூடப் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு வண்டியில் ஏற்றினேன். அஞ்சுகிராமத்துச் சவாரிக்காரர் போனில் ஏசினார், ஏசட்டும்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். காதில் பழுப்பு, சீழ் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சீட்டில் எழுதினார்.

"எந்தச் செவின்னும் சேத்து எழுதுங்க சார்."

அவர் நிமிர்ந்தார். "கோடிங் வேலையா பாக்கீரு?"

"இல்ல சார். பெண்டாட்டி பாத்தா."