புகைக்குள் போன டாங்கி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்களும் என் மகளும், அவள் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உங்கள் மாமா காதில் விழும். என் தையல் மெஷினும் அவருடைய கம்ப்யூட்டரும் ஒரே அறையில். அதனால்தான் கடிதம்.

முதலில், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு டாங்கி மேல் குண்டு போட்டதற்காக ஒரு மனிதர் இப்படியா ஓடி ஒளிவார்?

அந்தப் போர் விளையாட்டில் உங்களையும் மாமாவையும் ஒரே அணியில் சேர்த்தது நானும் என் மகளும் போட்ட திட்டம்தான். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்று, முழங்கால் வலியோடு எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மகளோடு பேசுவார், உங்கள் பேச்சை எடுத்தால் போனை என்னிடம் நீட்டிவிடுவார். இந்த விளையாட்டில் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் விமானம் ஓட்டுவார், உங்கள் டாங்கிக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று அவள் சொன்னதும் நம்பிவிட்டார். நீங்கள் அவரை சார் என்றீர்கள், அவர் உங்களைத் தம்பி என்றார். நான் வாயை மூடிக்கொண்டு தைத்தேன். மைக்கில் என் மெஷின் சத்தத்தைக் கேட்டு, அந்த டாங்கியில் என்ன துப்பாக்கி என்று அணியில் யாரோ விசாரித்தார்களே, அன்று ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரித்தேன்.

மரத்தடியில் நிற்பது நம் டாங்கியா எதிரியா என்று மேலே உங்களுக்குத் தெரியாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கீழே இவருக்குத் தெரியாது. விமானத்தைச் சுடும் வண்டியை முதலில் இவர் உடைப்பார். பிறகு எதிரி நிற்கும் இடத்தில் புகைக்குண்டு போட்டு, தம்பி, புகை என்பார். நீங்கள் இறங்கிக் குண்டு போட்டதும் நாற்காலியிலிருந்து எம்பிக் குதிப்பார். முழங்கால் வலி போன இடம் தெரியாது.

நேற்று ஓட்டுநர் புத்தி வேலை செய்துவிட்டது. சந்து கிடைத்தால் நுழைந்தே பழகியவர், தான் போட்ட புகைக்குள் தானே வண்டியை விட்டார். உங்கள் குறி தப்பவில்லை. டாங்கி எரிந்ததும் பதறிப்போய், ஐயோ மாமா, சாரி மாமா என்றீர்கள். குட்டு உடைந்த பயத்தில் இணைப்பையும் துண்டித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நான் மெஷினை நிறுத்தி, வசவுக்குக் காத்திருந்தேன். இவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, நீங்கள் போனதுகூடத் தெரியாமல் சொன்னார்: “வண்டியை உள்ள விட்டது நான்தான், மாப்பிள்ளை. உங்க மேல தப்பே இல்ல.”

பதில் வராததால் என் பக்கம் திரும்பி, கோபித்துக்கொண்டாரா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உங்களுக்குப் பின்னால் என் மகள் அடுக்கடுக்காகத் தும்மியது மைக்கில் கேட்ட அன்றே கண்டுபிடித்துவிட்டாராம். நீங்களாக மாமா என்று கூப்பிடட்டும் என்று காத்திருந்தாராம். என்ன வீம்பு பாருங்கள்.

வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை என்பார்களே, அந்த ஆள்தான் இவர். கல்யாணத்துக்கே வராதவர், இன்று காலை பெட்டியை இறக்கச் சொல்லி, எப்போது கிளம்பலாம் என்கிறார். பிரசவத்துக்கு நான் மட்டும் வருவதாக இருந்தது. இப்போது இருவரும் வருகிறோம்.

பஸ் நிலையத்துக்கு நீங்களே வாருங்கள். தன் பெட்டியை அவர் யாரிடமும் தந்ததில்லை, என்னிடம்கூட. நீங்கள் கை நீட்டுங்கள் மாப்பிள்ளை. கொடுத்துவிடுவார்.

பிள்ளையோடு நிறைவாக வாழ வேண்டும் என்ற ஆசியுடன்,
உங்கள் அத்தை