பவர் இல்லாத கண்ணாடி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் வீட்டுக்காரருக்கும் குறை ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? மருமகளோடு மல்லுக்கட்டாமல் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

அக்கா காலமான பிறகு அவள் அறையை நான்தான் காலி செய்தேன். அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. வயதான பிறகு போட்டிருந்த கண்ணாடி இல்லை. இளவயதில் போட்டிருந்தாளே, அந்தக் கறுப்பு ஃப்ரேம். நல்ல ஃப்ரேம் ஆயிற்றே, என் பவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதுல பவரே இல்லையே. வெறும் கண்ணாடிதான்" என்றார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எவ்வளவு பெரிய அசடு, அண்ணா! அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பாள். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை முதலில் சொல்வதும் அவள்தான். கண் போய்க்கொண்டிருக்கிறவளுக்கு இது எப்படி முடியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இவர் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தபோது, கண் டாக்டரிடம் கூட்டிப் போனது நீங்கள். கண்ணாடி வாங்கிக் கொடுத்து, நாளாவட்டத்தில் அவளுக்குப் பார்வை போய்விடுமாம் என்று அவர்களிடம் சொன்னதும் நீங்கள். அப்புறம்தான் என்னைக் கேட்டார்கள். எனக்கு இவர் மேல் ஆசை என்பதை அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

அதற்குப் பிறகு யார் பெண் கேட்டு வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வந்தவர்கள் போய்விடுவார்கள். கல்யாணமே பிடிக்காமல் அப்படிச் செய்தாளா? இல்லை, இவரை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறு யாரும் வேண்டாம் என்று இருந்துவிட்டாளா?

அழுகையை விடக் கோபம்தான் வருகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "உன் புருஷன் குறட்டைக்கு நீதான்டி லாயக்கு" என்று சிரித்துவிட்டுப் போவாளே, அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்கு என்ன இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்கிறார். முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உங்களை விட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை. உள்ளதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. அக்காவுக்கு இவரைத் துளியும் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுங்கள், அண்ணா. நீங்கள் எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

அதை எழுதவாவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை